ஜீப்பில் பாட்டிக்கும் இடம் வேணும்!

எங்க வீட்டில் இப்போ ஒரே பேச்சு, பழைய மிலிட்டரி ஜீப்தான். என் கணவரின் தாத்தா (அம்மாவைப் பெற்றவர்) இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டின மாதிரியே ஒரு ஜீப் வாங்கணும் என்பது இவருடைய பல வருஷ ஆசை. "பழைய இரும்புக்கா இவ்வளவு பணம்? நாலு நகை வாங்கிக்கோ" என்று சொந்தக்காரர்கள் என்னைத் தூண்டிவிடுகிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை.

அந்த யுத்தத்தில் நம் நாட்டிலிருந்து சுமார் 25 லட்சம் பேர் பட்டாளத்தில் இருந்தார்கள். எங்க வேலூர்ப் பக்கம் எத்தனையோ கிராமங்களில் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் நாங்க படிச்சது ஹிட்லரையும் சர்ச்சிலையும்தான். தன் தாத்தாவை மறக்காத பேரனைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் குடும்பப் பணம் ஆச்சே! கடன் வாங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 'யுத்த கால ஜீப்' என்று விற்பதில் பல, பிற்காலத்தில் இங்கேயே தயாரானவை. 1941 முதல் 1945 வரை வந்த அமெரிக்க ஜீப்பில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். பெரும்பாலானவற்றின் முன்பக்கத் தகட்டில் ஒன்பது நீள இடைவெளிகள் இருக்கும். பிறகு பொதுமக்களுக்காக வந்தவற்றில் ஏழுதான். ஆர்.சி. புத்தகமும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகணும். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேலான பழைய வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். காய்கறி வாங்கவோ பிள்ளைகளைப் பள்ளியில் விடவோ தினமும் ஓட்ட முடியாது. இதெல்லாம் தெரிஞ்சு வாங்கினால் சரி.

எனக்கு இருக்கும் ஒரே குறை வேறு. தாத்தா வண்டி ஓட்டினது எல்லோருக்கும் தெரியும். பாட்டி பட்டபாடு யாருக்குத் தெரியும்? 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோச்சு. கைக்குழந்தையோடு கேழ்வரகுக் கூழ் குடிச்சே நாளைத் தள்ளினாராம். மாசக்கணக்கில் கடிதம் வராது. தபால்காரர் தெருவில் நுழைந்தாலே நெஞ்சு படபடக்குமாம். தாத்தா திரும்பி வந்தபோது, "யாரும்மா இவரு?" என்று கேட்டானாம் மூத்த பிள்ளை. இதெல்லாம் என் மாமியார் தன் அம்மா வாயால் கேட்டது. அவருக்கும் இப்போ 76 வயசு.

அதனால் என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "முதல்ல அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அவங்க சொல்றதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்க. அப்புறம் ஜீப்புக்கு அட்வான்ஸ் குடுங்க." ஜீப் அடுத்த வருஷமும் கிடைக்கும். பெரியவங்க சொல்லுக்கு அப்படி உத்தரவாதம் உண்டா? உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக் கதை தெரிஞ்ச பாட்டியோ அத்தையோ இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள், தோழிகளே!

- ஒரு குடும்பத்தலைவி, வேலூர்.