புள்ளிகள் ஈட்டித் தந்த ராஜோபசாரம்

நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் 1931-இல் எழுந்ததும், முன்னாள் ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் அந்திம காலத்தைக் கழித்து 1964-இல் உயிர் நீத்த இடமுமான வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல், 2017-இல் கதவடைத்து, எட்டாண்டு ஜீர்ணோத்தாரணத்துக்குப்பின் 2025-இல் மீண்டும் திறந்திருக்கிறது. முன்பு 1,400-க்கு மேலிருந்த அறைகள் இன்று 375; எஞ்சிய பகுதி பெரும்பாலும் தனவந்தர்களின் சொந்தக் குடியிருப்பாகிவிட்டது. அங்கே, ஹோட்டலை நடத்தும் ஹில்டன் நிறுவனம் வாடிக்கையாளருக்கு வழங்கும் புள்ளிகளைக் கொடுத்து ஓரிரவு தங்குவோர், அதனை இலவசப் பிரசாதமென்று பூரிக்கிறார்கள். அப்புள்ளிகளில் பெரும்பங்கு, கடன் அட்டையைத் தேய்க்குந்தோறும் வியாபாரியிடம் வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணத்தில் விளைவது. அதை அவர் சரக்கின் விலையில் ஏற்றிவிடுவதால், ரொக்கம் கொடுத்து ரொட்டி வாங்கும் ஏழையும், தான் ஒருநாளும் நுழையப்போகாத அந்த மாளிகையில் பிறர் துயில்வதற்குத் தன் பங்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறான். புள்ளியின் மதிப்பையோ நிறுவனம் தன் சித்தப்படி குறைக்கலாம். ஆகையால் வைத்திருப்பவர்கள் தாமதியாமல் செலவிட்டுவிடட்டும்.