நகலகத்தின் நியாயத்தைப் பொம்மை அலமாரிக்குக் கடன் கேட்காதீர்கள்

தில்லியில் ஆய்வு மாணவனாக இருக்கும் எனக்கும் பொம்மை சேகரிக்கும் பழக்கம் உண்டு. என் விடுதி மேசையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எந்திர மனிதர்களுள் ஒன்று உரிமம் பெறாத நிறுவனம் செய்தது. உதவித்தொகை வந்த மாதத்தில் வாங்கியது. எனவே இது குற்றமற்றவனின் உபதேசம் அன்று. ஆயினும், அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தை இன்று நண்பர்கள் சிலர் கொள்கையாக முழங்கும்போது வாளாவிருக்க இயலவில்லை. 'தில்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் மாணவர் பக்கம் நின்றவர்கள், உரிமமற்ற பொம்மையை மட்டும் எப்படிக் குறைகூறலாம்?' என்பது அவர்கள் வாதம்.

முதலில் ஒரு தெளிவு. இவை அச்சைத் திருடி வார்த்த போலிகள் அல்ல. மூட்டும் மடிப்பும் புதிதாக வடிவமைக்கப்பட்டவை. அந்த உழைப்பு மெய்யானது. ஆனால் முகமும் நிறமும் உருவமும் பிறர் படைத்த கதாபாத்திரத்துக்கு உரியவை. பெட்டியில் மட்டும் வேறு பெயர். அப்பெயர் மாற்றமே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்.

இனி நகலக வழக்கு. 2012இல் மூன்று பதிப்பகங்கள் தொடுத்த அவ்வழக்கை 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதை ஏற்று, சில வினாக்களை மட்டும் விசாரணைக்குத் திருப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அங்கே நின்றது தேவை: பாடத்திட்டம் படிக்கச் சொல்கிறது, மாணவனால் நூலை வாங்க முடியவில்லை. நூறு டாலருக்கு மேல் கொடுத்து அலமாரியை அலங்கரிப்பவனுக்கு இருப்பது விருப்பம். விருப்பம் இழிவானதன்று, ஆனால் அது தேவையின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தால், நாளை உண்மையான தேவையோடு நிற்கும் மாணவனையும் உலகம் ஐயத்தோடு பார்க்கும். என் சினம் இதன்பொருட்டே.

அடுத்த வாதம்: 'நிறுவனம் செய்து தருவதில்லை, அதனால் வாங்குகிறோம்.' ஆறு கட்டுமான எந்திரங்கள் இணைந்து உருவாகும் டெவஸ்டேட்டரை ஹாஸ்ப்ரோ 2015இல் பெரிய அளவில் மீண்டும் வெளியிட்டது. அதன் பிறகும் உரிமமற்ற டெவஸ்டேட்டர்கள் விற்பனையாகவே செய்கின்றன. ஆக, சிக்கல் கிடைக்காமை அன்று. நம் ரசனைக்கு ஏற்பக் கிடைக்காமை.

மூன்றாவது: 'ஹாஸ்ப்ரோவின் பொம்மைகளே ஜப்பானிலிருந்து வந்தவைதாமே?' ஆம். 1984இல் வந்த முதல் வரிசையின் பெரும்பகுதி தகாரா நிறுவனத்தின் டயாக்ளோன், மைக்ரோமேன் வரிசைகளிலிருந்து பெற்றது. ஆனால் உடன்பாடு செய்து பெற்றது. கேட்டு வாங்கியதையும் கேளாமல் எடுத்ததையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

எதிர்த்தரப்பும் களிப்படைய வேண்டா. 1984இல் வெளியான நிறுவனப் படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் 95 ஆண்டு காப்பளிக்கிறது. அது 2079 முடிய நீளும். நம் நாட்டிலோ பதிவுசெய்த வடிவமைப்புக்கு அதிக அளவு 15 ஆண்டுகளே. பதிவுசெய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டால், பொருள் 50 முறைக்கு மேல் உற்பத்தியானதும் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது 15ஆம் பிரிவு. பயன்படு பொருளின் வடிவம் விரைவில் பொதுவுக்குத் திரும்ப வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

அந்த எண்ணத்திலிருந்தே என் அளவுகோல் பிறக்கிறது. நாற்பதாண்டுப் பழைய உருவத்தை எவரேனும் புதிதாகச் செய்தால், அதை வாங்குவதில் பெரும்பிழை காணேன். ஆனால் அண்மைக் காமிக்ஸ் ஒன்றில் வாழும் ஓவியர் வரைந்த உருவத்தை, அவருக்கு ஒரு காசும் பெயரும் தராமல் வார்த்து விற்றால், அதை வாங்குவது களவுக்குத் துணைபோதலே. நிறுவனமும் அந்த ஓவியருக்கு உரிய பங்கு தருவதில்லை என்பீர்களாயின், அது நிறுவனத்தோடு வழக்காடக் காரணம். இன்னொருவன் அவரைச் சுரண்ட அனுமதிச் சீட்டு அன்று.

காப்புக்காலம் நீளமென்று கருதுவோர் அதைக் குறைக்கக் கோரி எழுதுங்கள், வாதாடுங்கள். நானும் உடன் வருவேன். விரும்பினால் பொம்மையும் வாங்குங்கள். வாங்கியதை ஆசை என்றே சொல்லுங்கள். புரட்சி என்று மட்டும் சொல்லாதீர்கள்.