விண்டோஸா லினக்ஸா என்பதா கேள்வி?

"லினக்ஸ் போட்டுவிட்டால் ஒருவனும் உள்ளே நுழைய முடியாது" என்று தோழர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதைவிட உறுதியாகப் பேசுகிறார்கள். சுதிர் தவாலே, சுரேந்திர காட்லிங், ஆனந்த் தெல்தும்டே என நம்மவர்களைச் சிறைக்கு அனுப்பிய பீமா கோரேகான் வழக்குக்குப் பிறகும் இப்படிப் பேச முடியுமா?

அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ். 2016 ஜூனில், தெரிந்தவரிடமிருந்து வந்ததுபோல் இருந்த மின்னஞ்சலின் இணைப்பை அவர் திறந்தார். நெட்வயர் என்ற உளவு மென்பொருள் உள்ளே புகுந்தது. அவர் ஒருமுறைகூடத் திறந்திராத கடிதங்கள் மறைவான கோப்புறையில் வைக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் அறிக்கை தந்தது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. ஸ்டான் சுவாமியின் கணினியிலும் இதே கைவரிசை என்று அந்நிறுவனம் சொன்னபோது, பெரியவர் இறந்து ஓராண்டு தாண்டியிருந்தது.

விண்டோஸைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் நெட்வயர் மேக், லினக்ஸ் இரண்டுக்கும் சேர்த்தே விற்கப்பட்டது, அதுவும் வெளிப்படையாக, இணையத்தில். லினக்ஸ் கேட்கும் கடவுச்சொல் காப்பது இயங்குதளத்தை. நம் பெயரில் ஓடும் நிரலுக்கு நம் கோப்புகளில் கைவைக்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. ஐபோனுக்குள் பெகாசஸ் நுழைந்ததோ நாம் எதையும் தொடாமலேயே.

வேறுபாடே இல்லை என்று சொல்லவில்லை. ஐபோனில் 2022 முதல் லாக்டவுன் மோட் இருக்கிறது, போட்டு வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நம் அலுவலகங்களில் கிடக்கும் பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றில் திருட்டு விண்டோஸ் ஓட்டுவதைவிட, காசில்லாமல் புதுப்பிப்பு வரும் லினக்ஸ் எவ்வளவோ மேல். கைபேசியில்தான் வழியில்லை. பிக்சல் 8க்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு என்கிறது கூகுள். ஊரில் நம் பிள்ளைகள் வாங்கும் மலிவு ஆண்ட்ராய்டுகள் பலவற்றுக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. இதிலும் காசுள்ளவனுக்குத்தான் கதவில் பூட்டு.

இன்னொன்று. கருவியைப் பறிமுதல் செய்தால் அங்கேயே ஹேஷ் மதிப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். அது தரவின் கைரேகை, ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும். முன்பே திணித்து வைத்ததை அது காட்டாது. பறித்துப்போன பிறகு சேர்ப்பதைக் காட்டும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அதற்கென்றே இடம் இருக்கிறது.