சரக்குக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குங்கள்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தை உங்கள் குழுமம் உருவாக்கிவருகிறது. மெட்ரோ, பேருந்து, நடைபாதை என்று மனிதர்களின் பயணத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. பேசவும் வேண்டும். சரக்கின் பயணத்தைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. பகலில் கனரக வண்டிகளை நிறுத்தி இரவில் விடுவது என்ற அளவில், அது போக்குவரத்துக் காவலர்களின் பாடாகவே முடிந்துபோகிறது. நான் திருவொற்றியூர்க்காரன். சரக்கை மறந்துவிட்டு ஊரைத் திட்டமிட்டால் பாரம் யார் தலையில் இறங்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, நெரிசல் நாட்களில் காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் நீண்டுவிடும். வரிசையை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும் என்பதால் டிரைவர் கேபினிலேயே தூங்குகிறார். கிளீனர் டிரெய்லரின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கிறார். ஒதுங்கக் கழிப்பறை இல்லை, தண்ணீரும் காசுக்குத்தான். மிச்சமிருக்கும் சந்தில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் தகப்பனின் ஸ்கூட்டர் நுழைகிறது. டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த மூலை டிரைவரின் கண்ணாடியில் தெரியாது. அங்கே சிக்கியவர்களின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் எங்கள் சுவர்களில் இருக்கின்றன. டிரைவரைத் திட்டித் தீரும் விஷயமில்லை இது. அவர் நிற்பதற்கென்று இந்த ஊரில் ஓர் இடம் ஒதுக்கப்படவே இல்லை.

பிரச்சினையின் வேர் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, பிறகு காட்டுப்பள்ளி. மூன்றும் வடகிழக்கு மூலையில். கார், மின்னணுத் தொழிற்சாலைகளோ தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும். சரக்கைப் பெட்டியில் ஏற்றி இறக்கும் கிடங்குகள் மணலி, மாதவரம், மீஞ்சூர் பக்கம். ஏற்றுமதிப் பெட்டியோ இறக்குமதிப் பெட்டியோ, பெரும்பாலானவை சென்னையின் குறுக்கே அல்லது விளிம்பில் சாலை வழியாகத்தான் போயாக வேண்டும்.

ரயில் என்ன ஆயிற்று? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டது துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் ராயபுரத்திலிருந்துதான். துறைமுகத்துக்குள் இன்றும் தண்டவாளம் ஓடுகிறது. தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் யார்டுகள் இருக்கின்றன. ஒரு கன்டெய்னர் ரயிலுக்கு 45 வேகன், அதில் இருபதடிப் பெட்டிகள் 90 ஏறும். டிரெய்லருக்கு இரண்டு பெட்டி என்று வைத்தாலும் 45 டிரெய்லர்கள் சாலையை விட்டு இறங்கிவிடும். ஆனால் மறுமுனையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ரயில் பாதையே கிடையாது. அந்த வட்டாரத்துக் கார்களை ரயிலில் ஏற்ற வாலாஜாபாத் வரை கொண்டுபோகிறார்கள். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் போக வேண்டிய பாதை பல ஆண்டுகளாகத் தாளோடு நிற்கிறது.

குறைந்த தூரத்துக்கு ரயில் கட்டுப்படியாகாது என்று சொல்வார்கள். இரண்டு முனையிலும் கிரேன் செலவு, மீதித் தூரத்துக்கு மறுபடி லாரி என்று கணக்குப் போட்டால் அது உண்மைதான். அந்தக் கணக்கில் எங்கள் நுரையீரலும், வரிசையில் எரியும் டீசலும், டிரைவரின் வீணாகும் நாளும் வரவில்லை. அவற்றையும் சேர்த்துப் பார்த்துக் கட்டணத்தைத் தாங்கிப்பிடிப்பது அரசின் கடமை என்றே நினைக்கிறேன்.

சாலைத் திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகம் – மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், 2012இல் வேலை நின்றது, கூவத்தில் மொட்டைத் தூண்கள் நின்றன, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். அதே நாளில் மப்பேடு பல்முனை சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. எல்லைச் சாலைத் திட்டமும் நடக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே சரக்குத் திட்டமாக வைத்துப் பார்க்கிறவர் யார்? பூங்காவுக்கு ரயில் வராமல் போனால் அது இன்னொரு லாரி நிறுத்தம்தான்.

பாலம் கட்டுவது வேறு துறை, ரயில் விடுவது மத்திய அரசு. ஆனால் எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதை இந்த ஊர் நன்றாகவே பயன்படுத்தியும் இருக்கிறது. கொத்தவால் சாவடி மூச்சுத் திணறியபோது 1996இல் கோயம்பேட்டுக்குச் சந்தை போனது உங்கள் குழுமத்தால்தான். ஜார்ஜ் டவுனின் இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தாங்காட்டிலும், லாரிகளுக்கு மாதவரத்திலும் இடம் கண்டதும் நீங்கள்தான். 2022இல் உங்கள் எல்லை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிந்துவிட்டது. தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் இப்போது ஒரே கூரையின் கீழ்.

ஆகவே, ஆவடி – ஸ்ரீபெரும்புதூர் – கூடுவாஞ்சேரி பாதைக்கான நிலத்தை வீட்டுமனைகள் விழுங்குவதற்கு முன் வரைபடத்தில் குறித்து வையுங்கள். வடசென்னையின் ரயில்வே சரக்கு நிலங்கள் அடுக்குமாடிகளாக மாறாமல் சரக்குக்கே இருக்கட்டும். தன் வளாகத்துக்குள்ளேயே லாரிகளை நிறுத்த இடம் காட்டாத புதிய கிடங்குக்கு அனுமதி தராதீர்கள். மணலி – எண்ணூர்ப் பகுதியில் கழிப்பறை, குளியலறை, உணவகம், படுக்கையோடு கூடிய லாரி நிறுத்த வளாகம் வேண்டும். துறைமுகத்தில் முறை வந்த பிறகே வண்டி அந்த வளாகத்திலிருந்து கிளம்பட்டும்.

திட்ட வரைவு பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஒன்றைத் திருவொற்றியூரிலோ மணலியிலோ நடத்துங்கள். டிரெய்லர் ஓட்டுநர்களையும் கூப்பிடுங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவர்