உடலறிவே உரிமை: செனாவாங் பெண்களின் கொள்கைப் பிரகடனம்

மலேசியாவின் நெகிரி செம்பிலானிலுள்ள எங்கள் செனாவாங்கில் பால்மரக் காடு போய்விட்டது. ஆலைகளும் தாமான் குடியிருப்புகளும் வந்துவிட்டன. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் கலைந்தன; லயத்தின் மௌனம் கலையவில்லை. எங்கள் பாட்டிகள் விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் நடந்தார்கள். நாங்கள் இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் அமர்ந்து, கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீரால் தூக்கத்தை விரட்டுகிறோம். உழைப்பு மாறியது, உணவு மாறியது, உறக்கம் மாறியது; பெண்ணுடலைப் பற்றிய பேச்சு மட்டும் மாறவில்லை. அதை மாற்றவே இந்த இயக்கம் பிறக்கிறது.

பழைய ஒழுங்கு தோற்றுவிட்டது. பால் தரும்வரை மரத்தை மதித்தது தோட்டம். பிள்ளை தரும்வரை பெண்ணை மதித்தது குடும்பம். முதல் உதிரத்துக்குப் பந்தல் போட்டு, மஞ்சள் நீராட்டி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டியது சமூகம். அடுத்த உதிரம் ஆறு மாதம் வராதபோது வாயை மூடிக்கொண்டது. கழுத்தின் கருமையை அழுக்கென்றது. மோவாயின் முடியைக் கேலியாக்கியது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றது. ஆகியும் சரியாகாதபோது மலடி என்றது. சட்டமும் பெண்ணைத் தாயாகவே முதலில் கண்டது. மகப்பேறு விடுப்பு 2023 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அந்த நன்மையை வரவேற்கிறோம். ஆனால் தாயாவதற்கு முன்னும், தாயாகாமலும் வாழும் உடலின் உரிமை இன்னும் எழுதப்படவில்லை. அந்த ஏட்டை நாங்கள் எழுதத் தொடங்குகிறோம்.

நாங்கள் அறிவது

சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாடு, பிசிஓஎஸ், தனியொருத்தியின் குறையன்று. 1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்டு இதை விவரித்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது உண்டு. அவர்களில் 70 விழுக்காடு வரையிலானோர் கண்டறியப்படாமலே வாழ்கிறார்கள். இத்தனை பேருக்குப் பொதுவான ஒன்றில் வெட்கத்துக்கு இடமில்லை.

பெரும்பாலோரிடம் இதன் வேரில் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு. உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கிறது. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, ஆண் ஹார்மோன் பெருகுகிறது. முட்டைப் பைகள் முதிராமல் நிற்கின்றன. முட்டை வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. கர்ப்பப்பையின் உட்சுவர் உதிராமல் தடிக்கிறது. ஸ்கேனில் தெரியும் சிறு வட்டங்கள் அந்த முதிராப் பைகளே. அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. பருத்தவருக்கும் இது வரும், மெலிந்தவருக்கும் வரும்.

ஆகவே இது பிள்ளைப்பேற்றோடு முடியும் செய்தியன்று. வாழ்நாள் நெடுகிலும் தொடரும் செய்தி. நீரிழிவும், உட்சுவர்ப் புற்றும், மனச்சோர்வும் இதன் வழியில் காத்திருப்பவை. 2019-இன் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4; நெகிரி செம்பிலானில் 33.2. இனத்தாலும் இடத்தாலும் இரட்டை எச்சரிக்கை பெற்றவர்கள் நாங்கள். தவறிய மாதவிலக்கை வருங்காலச் சர்க்கரையின் முன்னறிவிப்பாக நாங்கள் வாசிக்கிறோம்.

நாங்கள் ஏற்பவை

நவீன மருத்துவத்தின் அளவையை ஏற்கிறோம். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல் மூன்று அடையாளங்களைப் பார்க்கிறது: ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் காணும் பல பைகள். தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகள் போன்றவற்றை விலக்கிய பின் மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் உறுதியாகிறது. வளரிளம் பெண்ணுக்கோ முதல் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஸ்கேனைக் கொண்டு அவளுக்கு முத்திரை குத்தலாகாது என்கிறது 2023-இன் சர்வதேச வழிகாட்டி. பூப்பெய்தி மூன்றாண்டு கடந்தும் சுழற்சி 35 நாளைத் தாண்டுவது ஒழுங்கின்மை. ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவது ஒழுங்கின்மை.

மருந்தையும் அச்சமின்றி ஏற்கிறோம். மெட்ஃபார்மின் இன்சுலின் எதிர்ப்பைத் தணிக்கிறது. கருத்தடை மாத்திரை சுழற்சியைச் சீராக்கி உட்சுவரைக் காக்கிறது. மணமாகாத பெண்ணின் கையில் அது மருந்தே, அவள் ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பன்று. பிள்ளை வேண்டுவோருக்கு முட்டை வெளியேறத் தூண்டும் முதல் மருந்து லெட்ரோசோல். அதைத் தொடங்குமுன் கணவனின் விந்தும் சோதிக்கப்பட வேண்டும்.

ஆயுர்வேதத்தின் ஒழுங்கை ஏற்கிறோம். சரக சம்ஹிதை பெண்ணுறுப்பு நோய்களை இருபதாக வகுத்தது. நீரிழிவை உள்ளடக்கிய பிரமேக நோயின் வேரை உழைப்பற்ற இருக்கையிலும், மிகை உறக்கத்திலும், வெல்லப் பண்டத்திலும் கண்டது. வேளைக்கு உணவு, இரவுக்கு உறக்கம், அன்றாடம் நடை என்று அது வகுத்த தினசரியும், வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடற்பயிற்சி என்று நவீன வழிகாட்டி வகுத்த கணக்கும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. தண்ணீர்விட்டான் கிழங்குக்கும் அசோகப்பட்டைக்கும் வெந்தயத்துக்கும் மரபின் சான்று உண்டு. பெரிய ஆய்வுகளின் சான்று இன்னும் போதாது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதே எங்கள் நேர்மை.

இணைவுக்குச் சட்டமும் வழிவிட்டிருக்கிறது. 2016-இன் மரபு மற்றும் துணை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தை அங்கீகரித்தது. எங்கள் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மருத்துவமனை, நெற்றியில் எண்ணெய் ஒழுக்கும் சிரோதாராவுக்கு இடம் தந்தது. இரு மருத்துவமும் ஒரு கூரையின் கீழ் நிற்கும். இரண்டும் ஒரே சோதனைக்குத் தலைகுனியும்.

நாங்கள் மறுப்பவை

"தொண்ணூறு நாளில் பூரண குணம்" என்ற விளம்பரத்தை மறுக்கிறோம். கட்டுப்படுத்தலாம், முற்றாக நீக்க முடியாது என்பதே உண்மை. "எடையைக் குறைத்துவிட்டு வா" என்ற ஒற்றை வரிச் சிகிச்சையை மறுக்கிறோம். எடை குறையாவிட்டாலும் நல்ல உணவும் நடையும் உடலுக்கு நன்மையே. பெயரில்லாப் பொட்டலத்தை மறுக்கிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தது. மலேசிய மருந்துப் பதிவான எம்.ஏ.எல். எண் இல்லாத மருந்து எங்கள் வீட்டுக்குள் நுழையாது. பதிவில்லாத வைத்தியர் எங்கள் நாடியைத் தொடமாட்டார்.

மருத்துவரிடம் மூலிகையை மறைப்பதை மறுக்கிறோம். வைத்தியரிடம் மாத்திரையை மறைப்பதையும் மறுக்கிறோம். வெந்தயமும் மெட்ஃபார்மினும் சேர்ந்து சர்க்கரையை இறக்கக்கூடும். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். மறைப்பு பண்பாடன்று, ஆபத்து. மரபின் பெயரால் அறிவியலை இகழ்வதையும், அறிவியலின் பெயரால் மரபை எள்ளுவதையும் ஒருசேர மறுக்கிறோம். பெண்ணுடலைத் திருமணச் சந்தையின் தகுதிச் சான்றாகக் காணும் கண்ணை முற்றாக மறுக்கிறோம்.

நாங்கள் உறுதி ஏற்பவை

1. ஒவ்வொரு பெண்ணும் தன் மாதக் கணக்கைத் தானே எழுதுவாள். மூன்று மாதம் உதிரம் வராவிட்டால், கர்ப்பம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு மருத்துவரைக் காண்பாள்.

2. ஒரு பெண்ணுக்கு ஒரே கோப்பு. ரத்தச் சோதனை, மாத்திரை, கஷாயம், லேகியம் அனைத்தும் அதில் இருக்கும். இரு மருத்துவரும் அதையே வாசிப்பார்கள்.

3. தனியே போகத் தயங்குபவளோடு ஓர் அக்கா உடன் போவாள். மலாய் தெரியாத அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள். தமிழில் சொன்ன வலியை மருத்துவருக்கு மலாயில் சொல்வாள். குடிமகளுக்கு ஒரு வெள்ளியில் திறக்கும் கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தின் கதவு, மொழியால் எவளுக்கும் அடைபடாது.

4. பிசிஓஎஸ் உள்ளவள் சர்க்கரையை மட்டும் அளக்கமாட்டாள்; மனத்தையும் சொல்வாள். சோர்வும் பதற்றமும் இந்நோயின் பகுதியே, நடிப்பு அல்ல.

5. வீட்டு ஆண்கள் விலகி நிற்கமாட்டார்கள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கணவனுக்கும் இதே பாடம். சமையலறையில் வெள்ளைச் சோறு குறைந்து, பருப்பும் கீரையும் கூடும்போது முழுக் குடும்பமும் ஒரே தட்டில் மாறும்.

6. ஷிப்டு வேலையின் அட்டவணையில் உறக்கத்துக்கும் மருத்துவ நாளுக்கும் இடம் கேட்போம். சலுகையாகக் கேட்கமாட்டோம்; உழைப்பவரின் உரிமையாகக் கேட்போம்.

வரலாறு எங்கள் பக்கம் நிற்கிறது. ஏனெனில் அறிந்த பெண்ணை மீண்டும் அறியாமைக்குள் அடைத்துவைக்க எந்த ஒழுங்காலும் முடியாது. செனாவாங்கின் அடுத்த தலைமுறைப் பெண் தன் பதினெட்டாம் வயதில் தன் சுழற்சியின் நாளையும் சர்க்கரையின் அளவையும் அறிந்திருப்பாள். சந்தேகத்தைச் சத்தமாகக் கேட்பாள். எந்த மருந்தையும் கேள்வி கேட்டே விழுங்குவாள். அவள் பெருவழக்காகும்வரை இந்த இயக்கம் கலையாது. அவளை இன்றே உருவாக்கத் தொடங்குவோர் அனைவரும் இந்த இயக்கத்தின் உறுப்பினரே.