களம் மட்டும்தான் நமக்கா?

நீலகிரித் தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் எட்டு மாதமாகக் களப்பணி செய்கிறேன். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று லைன் வீடுகளில் ஏறி இறங்கியதில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்திருக்கிறது. போன மாதக் கூட்டத்தில் திட்டத்தை நடத்தும் பேராசிரியர் சொன்னார்: "நீங்க எஸ்டேட்ல பொறந்து வளர்ந்தவர். உங்ககிட்ட ஜனங்க மனசு விட்டுப் பேசுவாங்க. நேர்காணல்களைத் தொகுத்துக் குடுங்க. கோட்பாட்டுப் பகுதியை வேற ஒருத்தர் எழுதிடுவார்." பாராட்டாகத்தான் சொன்னார். கூட்டத்தில் யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கே மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

அன்று இரவு நினைவுக்கு வந்தவர் வாரன் மூன். அமெரிக்கக் கால்பந்து வீரர். பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால் ஆடுகிற ஆட்டம் அது. அதில் குவார்ட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வும் அவர் கையிலிருந்து தொடங்கும். அணியின் மூளை அவர்தான் என்பார்கள். கறுப்பின ஆட்களுக்கு வேகம் உண்டு, உடல் வலிமை உண்டு, மூளை மட்டும் போதாது என்பது அங்கே பல பத்தாண்டுகள் எழுதாத சட்டம். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பின இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஓடுகிறவர்களாகவும் பந்தைப் பிடிக்கிறவர்களாகவும் மாற்றின.

1978 ஜனவரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை வெற்றிக்கு நடத்தி, சிறந்த வீரர் விருதும் பெற்றார் மூன். அந்த ஆண்டு 28 தொழில்முறை அணிகள் 12 சுற்றுகளாக வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. ஒரு சுற்றிலும் அவர் பெயர் வரவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டால் வாய்ப்பு உண்டு என்ற பேச்சு இருந்தது. அவர் மறுத்தார், கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணி 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை கோப்பையை வென்றது. ஆறு பருவங்கள் கழித்து, 1984-இல்தான் ஹூஸ்டன் அணி அவரை அழைத்துக்கொண்டது. 2006-இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார்.

'திறமை கடைசியில் வென்றது' என்று இந்தக் கதையை முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுக்க முடியாமல் இடத்தை மாற்றிக்கொண்டவர்களுக்குப் புகழ் மன்றம் ஏது?

இங்கே அந்தக் கதை இன்னும் பழையது. பல்வங்கர் பாலு, 1876-இல் தார்வாடில் சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் மூன்று ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டிப் பெருக்கும் வேலையில் தொடங்கினார். பிறகு ஆங்கிலேயரின் பூனா கிளப்பில் கிரெய்க் என்ற அதிகாரிக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். அங்கே பேட்டைப் பிடிக்க ஒருமுறைகூடத் தனக்கு வாய்ப்புத் தரப்படவில்லை என்று பின்னாளில் மகனிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளையரைத் தோற்கடிக்க இந்து அணிக்கு அவர் தேவைப்பட்டார், சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண் குவளை.

('லகான்' படத்தின் கச்ராவுக்குக் கை ஊனம், அதனால் பந்து தானாகத் திரும்பும். பாலுவின் பந்து பயிற்சியால் திரும்பியது. நம் திறமையைக்கூட விபத்தாகக் காட்டினால்தான் சினிமாவுக்கு நிம்மதி.)

1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு 114 விக்கெட் எடுத்தார். கேப்டன் யார்? இருபது வயதுகூட நிறையாத பாட்டியாலா மகாராஜா. விருந்துகளுக்குப் போக நேரம் வேண்டுமென்று பெரும்பாலான ஆட்டங்களில் ஆடவே இல்லை. இந்து அணியில் ஆண்டுக்கணக்காகச் சிறந்த பந்துவீச்சாளராக இருந்தும் பாலுவுக்குத் தலைமை தரப்படவில்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கியபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். அதன் பிறகுதான் பாலுவைத் துணைக் கேப்டனாகத் திரும்ப அழைத்தார்கள். 1923-இல் விட்டல் கேப்டன் ஆனார். பாலுவின் காலம் அதற்குள் முடிந்திருந்தது.

இதற்குப் பிந்திய பக்கத்தை நம்மில் பலர் பேசத் தயங்குகிறோம். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் பாலுவும் ஒருவர். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது; தோற்றார். துரோகம் என்று ஒரு சொல்லில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை, நியாயப்படுத்தவும் வரவில்லை. களத்தில் நடந்ததுதான் அரசியலிலும் நடந்தது என்றே பார்க்கிறேன்: பந்து வீச அவரை அழைத்தார்கள், வியூகம் வேறொருவருடையது. தலைமையைத் தானே கைப்பற்றியவர் எதிரணியில் இருந்தார், அம்பேத்கர்.

என் அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தார். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் நிற்கும்போதே, எந்தப் பகுதி கவ்வாத்துக்குத் தயார், எது இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்த எஸ்டேட்டில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நகரத்திலிருந்து புதிதாக வந்த உதவி மேலாளர் நோட்டைப் பார்த்து முடிவு செய்வார். மூட்டையை எடை போடும் நேரத்தில் மட்டும் அம்மாவின் பெயர் கூப்பிடப்படும்.

ஆய்விலும் இந்த மலைக்கு அதே இடம்தான். ரிவர்ஸ் 1906-இல் தோடர்களைப் பற்றி எழுதிய பெரும் நூல் உலகெங்கும் மானுடவியல் மாணவர்கள் படிப்பது. அவர் மொழிபெயர்ப்பாளர்களை நம்பித்தான் வேலை செய்தார். தகவல் சொல்பவர், வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் என நீலகிரி மக்கள் நூறாண்டுக்கு மேலாகப் பிறர் நூல்களின் நன்றியுரையில் வாழ்கிறார்கள். சமூக அறிவியலில் கோட்பாடு பிராமணர்களுக்கும் தரவு சூத்திரர்களுக்கும் என்று பிரிந்து கிடப்பதை கோபால் குரு 2002-இலேயே எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையை என் பேராசிரியரும் பாடம் நடத்தியிருக்கிறார், அதுதான் வேடிக்கை.

களப்பணி தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆடுகளத்தை உருட்டியவனுக்குத்தான் பந்து எங்கே திரும்பும் என்று தெரியும். அப்படித் தெரிந்தவன் ஏன் வியூகம் வகுக்கக் கூடாது என்பதே கேள்வி. நேர்காணலில் ஒரு அக்கா "எடை தப்பா இருக்குன்னு தெரியும், கேட்டா நாளைக்கு வேலை இருக்காது" என்றபோது, அந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. அதுவும் கோட்பாடுதான்.

ஊட்டி வந்து சேர்ந்த மறுநாளே பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கோட்பாட்டு இயலை நானே எழுதுகிறேன், ஆசிரியர் வரிசையில் என் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. உதவித்தொகை அவர் கையெழுத்தில்தான் வருகிறது, அதனால் பயம் இல்லாமல் இல்லை. இயலின் முதல் பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். நாளை பந்தலூர் போகிறேன், அந்த அக்காவுக்கு வாசித்துக் காட்ட.