மருந்துச் சோதனை என்றால் எலியா?

"ஐயோ, வேண்டாம் சார். நம்மளை எலியாக்கிடுவாங்க."

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்துச் சோதனை, அதாவது கிளினிக்கல் ட்ரயல், என்ற பேச்சு வந்தாலே நம் வயதுக்காரர்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை இதுதான். இது பாதி சரி, பாதி தப்பு என்பது என் கட்சி. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 34 வருஷம் பஞ்சாயத்துக் கணக்கும் நகராட்சிக் கணக்கும் பார்த்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் என் மைத்துனருக்கு (மனைவியின் அண்ணன், வயது 71) சிறுநீரகத்தில் புற்றுநோய், அது நுரையீரல் வரை போய்விட்டது என்று தெரிந்தது. டாக்டர்கள் வழக்கமான வைத்தியத்தையும் சொன்னார்கள், ஒரு ட்ரயலில் சேரும் வாய்ப்பு இருப்பதையும் சொன்னார்கள். மூத்த பிள்ளை ஊரில் உள்ள ஒன்றரை ஏக்கரை விற்றுவிடலாம் என்றான். இளையவன் ட்ரயலே நல்லது என்றான். வீடு இரண்டுபட்டது. அந்த ஒரு மாதம் இந்த விஷயத்தைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த டாக்டர்களைக் கேட்டேன். அதில் பிறந்த அபிப்பிராயம்தான் இது.

முதலில் நோயைப் பற்றி. சிறுநீரகப் புற்றுநோய் சத்தம் போடாத நோய். சிறுநீரில் ரத்தம், விலாப்பக்கம் வலி, காரணமில்லாமல் எடை குறைவது என்று தெரிவதற்குள் பல பேருக்கு அது பரவியிருக்கும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய், ஆரம்பத்திலேயே மாட்டுகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுக்கு அறுவைச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். பரவிய பிறகுதான் சிக்கல். மற்றப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் கீமோதெரபி இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

இருபது வருஷத்துக்கு முன்பு வரை டாக்டர்கள் கையில் இருந்தது இரண்டே ஆயுதம். ஒன்று இன்டர்ஃபெரான். 1999-ல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு சோதனையில், அதைப் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் எட்டரை மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். ஒப்பிட்ட ஹார்மோன் மருந்தில் ஆறு மாதம். வித்தியாசம் இரண்டரை மாதம். இன்னொன்று இன்டர்லூக்கின்-2. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நூற்றில் சுமார் 15 பேருக்குக் கட்டி சுருங்கியது, அதிலும் சிலருக்குப் பல வருஷம் திரும்பவே இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும், தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்தில் இருக்கவேண்டும். வயசாளிகளுக்குத் தாங்காது.

திருப்பம் வந்தது ஓர் அபூர்வப் பரம்பரை நோயை ஆராய்ந்தபோது. வான் ஹிப்பெல்-லிண்டாவ் என்று அதற்குப் பெயர். அந்த நோய் உள்ள குடும்பங்களில் சிறுநீரகக் கட்டி அடிக்கடி வரும். அதற்குக் காரணமான மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணு, பரம்பரையாக வராத சாதாரண சிறுநீரகப் புற்றுநோயிலும் பெரும்பாலும் பழுதாகியிருந்தது. உடம்பில் ஆக்ஸிஜன் குறைந்தால் செல் மணி அடித்துப் புது ரத்தக் குழாய் கேட்கும். குறை தீர்ந்ததும் மணியை நிறுத்துவது இந்த மரபணுவின் வேலை. அது கெட்டுப்போனால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், கட்டிக்கு ரத்தக் குழாய்கள் வந்துகொண்டே இருக்கும். ஆக்ஸிஜனைச் செல் எப்படி உணர்கிறது என்பதைக் கண்டுசொன்ன மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குழாய் இணைப்பைத் துண்டிக்கும் மாத்திரைகள்தான் டார்கெட்டட் மருந்துகள். 2005 டிசம்பரில் சோராஃபெனிப், 2006 ஜனவரியில் சனிடினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சனிடினிப்பை 750 நோயாளிகளிடம் இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டார்கள். கட்டி மறுபடி வளராமல் இருந்த காலம் 5 மாதத்திலிருந்து 11 மாதமானது. பெரிய சாதனைதான். ஆனால் தணிக்கைக்காரன் கண் இங்கேதான் நிற்கும். 11 மாதம் என்பது கட்டி வளராத காலம், ஆயுள் இல்லை. ஆயுள் கணக்கு வேறு பத்தியில் இருக்கிறது: 26.4 மாதம், 21.8 மாதம். இரண்டும் வேறு வேறு தலைப்பு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நினைத்துக்கொள்ள வைப்பது பல இடங்களில் நடக்கிறது.

அதன் பிறகு வந்தது இம்யூனோதெரபி. நம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் போலீஸ்காரர்கள் மாதிரி. புற்றுநோய் அவர்களுடைய பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்துகள் நிவோலுமாப், இபிலிமுமாப், பெம்ப்ரோலிசுமாப் முதலியவை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுப் பலன் நின்றுபோன 821 பேரிடம் நிவோலுமாப்பை, எவரோலிமஸ் என்ற மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2015-ல் முடிவு வந்தது. கட்டி வளராத காலம் 4.6 மாதமும் 4.4 மாதமும், ஏறக்குறைய ஒன்றே. ஆயுளோ 25 மாதமும் 19.6 மாதமும்! ஸ்கேனை மட்டும் நம்பியிருந்தால் நல்ல மருந்து ஒன்றைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

2018-ல் நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்து 1096 பேரிடம் சோதித்த முடிவு வந்தது. நோய் சற்றுக் கடுமையாக இருந்தவர்களில் ஒன்றரை வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 75, சனிடினிப்பில் 60. கட்டி முழுக்க மறைந்தது நூற்றுக்கு 9 பேருக்கு, சனிடினிப்பில் ஒருவருக்கு.

இத்தனையும் எப்படித் தெரிந்தது? யாரோ ஆயிரக்கணக்கான பேர், நோயோடு போராடிக்கொண்டிருந்த நிலையிலும், கையெழுத்துப் போட்டதால்தான். அவர்களை எலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அனுபவசாலி டாக்டர் பார்த்தால் போதாதா, சோதனை எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். நோய் பரவியிருந்தாலும் முதலில் சிறுநீரகத்தை எடுத்துவிட்டுத்தான் மருந்து கொடுக்கவேண்டும் என்பது பல வருஷம் வேதவாக்காக இருந்தது. பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் முன்னின்று 450 பேரிடம் அதைச் சோதித்தார்கள். அறுவைக்குப் பின் சனிடினிப் வாங்கியவர்களின் ஆயுள் 13.9 மாதம், அறுவை இல்லாமல் சனிடினிப் மட்டும் வாங்கியவர்களுக்கு 18.4 மாதம். எல்லோருக்கும் அறுவை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொஞ்சமாகப் பரவியவர்களுக்கு இன்றும் செய்கிறார்கள். ஆனால் அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. சோராஃபெனிப் சோதனையில் 903 பேரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் வெறும் மாத்திரை கொடுத்தார்கள், ஏனென்றால் முதல் வைத்தியம் பலிக்காமல் வந்த அவர்களுக்கு அப்போது வேறு நல்ல மருந்து கிடையாது. பலன் தெரிந்ததும் அவர்களுக்கும் உண்மை மருந்தைக் கொடுத்தார்கள். இன்று பரவிய நோய்க்கான சோதனைகளில் பெரும்பாலும் புது மருந்தை, நடைமுறையில் உள்ள மருந்தோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

இனி, சரியான பாதிக்கு வருகிறேன். என் புகார்கள் மூன்று.

முதல் புகார் விலை. நோயாளிகளின் உடம்பில் சோதித்துத் தேறிய மருந்து, பிறகு நோயாளிக்கே எட்டாமல் போகிறது. சோராஃபெனிப்பை பேயர் கம்பெனி இந்தியாவில் மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் அரசு, ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்கு அதைத் தயாரிக்கக் கட்டாய உரிமம் கொடுத்தது. இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அதுதான். நாட்கோ விலை மாதத்துக்கு 8,880 ரூபாய். பேயர் மேல்முறையீட்டுக்குப் போனது. நம் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013-ல் உரிமத்தை உறுதி செய்தது. பேயருக்குத் தரவேண்டிய ராயல்டியை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. இம்யூனோதெரபி மருந்துகளுக்கு இப்படி ஒரு கட்டாய உரிமம் வரவில்லை. ஒன்றரை ஏக்கர் எத்தனை ஊசிக்கு வரும் என்று என் மைத்துனர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டவன் நான்.

இரண்டாவது, யாரைச் சேர்க்கிறார்கள் என்பது. நடமாட்டம் நன்றாக உள்ளவர்கள், இதயமும் கல்லீரலும் சரியாக உள்ளவர்கள், இப்படிச் சலித்தெடுத்துத்தான் சேர்க்கிறார்கள். சர்க்கரை, பிரஷர், பைபாஸ் என்று ஒரு பட்டியலையே சுமந்துகொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்த முடிவுகளில் குறைவு. அதனால், "என் வயதில், என் நிலைமையில் உள்ளவர்கள் எத்தனை பேர் அதில் இருந்தார்கள்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மூன்றாவதுதான் பெரியது. விற்பவன் கேட்கவிரும்பாத கேள்வியை யார் கேட்பது? குறைந்த அளவு மருந்து போதுமா, நடுவில் நிறுத்தி வைக்கலாமா என்று எந்தக் கம்பெனியாவது தானாக முன்வந்து சோதிக்குமா? பிரிட்டனில் அரசுப் பணத்தில் 920 சிறுநீரகப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். மாத்திரையை இடைவெளி விட்டுக் கொடுத்ததால் ஆயுளில் பொருட்படுத்தும்படியான குறைவு தெரியவில்லை, செலவு குறைந்தது. மும்பை டாடா மெமோரியலில், தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப்பை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு 240. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16-லிருந்து 43 ஆனார்கள். அது வேறு நோய், சிறுநீரகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததால்தான் அதையும் சோதிக்கவேண்டும் என்கிறேன். அரசு செலவழித்து நம் ஊரில் நடத்தவேண்டிய சோதனை இதுதான்.

என் மைத்துனர் சேர்ந்துவிட்டார். சம்மதப் படிவம் தமிழில்தான் இருந்தது, ஆனால் தமிழ் எம்.ஏ. படித்தவருக்கும் புரியாத தமிழ். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, பென்சிலால் கோடு போட்டு, மறுவாரம் டாக்டரை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டோம். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். நிலம் இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்தால் கேட்கவேண்டியவை: இந்தச் சோதனை அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இருக்கிறதா? எந்த மருந்தோடு ஒப்பிடுகிறீர்கள்? நீங்கள் அளக்கப்போவது கட்டியையா, ஆயுளையா? எது இலவசம், எதற்கு நாங்கள் கட்டவேண்டும்? சோதனை முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? 2019-ம் வருஷ விதிகளின்படி, சோதனையால் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான வைத்தியத்தை மறுக்கக்கூடாது. கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால், "சாப்பாடு ஒத்துக்கலை" என்று கஷாயம் போட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். பிரேக் விடுபட்ட எதிர்ப்புச் சக்தி குடலையும் நுரையீரலையும் தாக்கத் தொடங்கியதாக இருக்கலாம். சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் அடக்கிவிட முடியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த அவசர நம்பரை ஃபோன் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.